தாமதம்: நாற்பத்து மூன்று நாள்

கணக்கு டீச்சர் நான்.
நூலகம் எனக்குக் கூடுதல் பொறுப்பு,
ஹைடெக் லேப் அதற்கும் கூடுதல்.
சாவிக்கொத்து ஒன்றுதான்.
தூத்தூர்க் காற்றில் முதலில் துருப்பிடித்தவை
கணினிகளின் யு.எஸ்.பி. துளைகள்,
அப்புறம் பீரோவின் கீல்.
புத்தகங்கள் கொஞ்சம் வீங்கின, அவ்வளவே.

ஜூனில் எல்லாவற்றுக்கும் பார்கோடு வந்தது.
எழுநூற்றுப் பன்னிரண்டு ஒட்டுத்தாள்.
ஏழாம் வகுப்பு அஜினாதான் ஒட்டினாள்,
நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் கோணாமல்.
சிவப்பு வெளிச்சம் பட்டுக் கீச்சென்றால்
புத்தகம் போயிற்று.
மறுபடி கீச்சென்றால் வந்தாயிற்று.
நடுவில் என்ன ஆயிற்றென்று
டேப்லெட் கேட்பதில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு வரி சிவந்தது.
எண் 0418. ஒட்டகங்கள், படங்களுடன்.
எடுத்தவர்: அஜினா தா., ஏழு ஆ.
தாமதம்: நாற்பத்து மூன்று நாள்.
கீழே நான்கு வட்டம், ஒன்றைத் தொட வேண்டும்:
திரும்பியது. நினைவூட்டுக. சேதம்.
காணவில்லை.

"புக்கு எங்க பிள்ளே?"
"அப்பாக்க கையில டீச்சர்."
"அப்பா?"
"தங்கலுக்குப் போயிருக்காவ."

அருமனைக்காரி எனக்கு
மாறுதலாகி வந்த மூன்றாம் மாதம்தான்
அந்தச் சொல் பிடிபட்டது.
ஐஸும் அரிசியும் தீரும் மட்டும்
சுறாவின் பின்னால், மினிக்காய்க்கும் அப்புறம்.

"ராத்திரி உறக்கம் வராதாம். போன்ல ரேஞ்சும் இல்ல.
அதான் குடுத்துவிட்டேன். தப்பா டீச்சர்?"

தப்புதான். விதி ஏழு.
சொல்லவில்லை.

வட்டார அலுவலகத்திலிருந்து அழைப்பு:
வெள்ளிக்குள் சிவப்பு பூஜ்யமாக வேண்டும்.
"காணவில்லைன்னு அடிச்சு விடுங்க டீச்சர்,
நாப்பது ரூவா புக்குதானே."

விரல் போனது. நின்றது.
இந்தக் கரையில் அந்தச் சொல்லை
ஒரு டிசம்பர் முழுக்க எழுதியிருக்கிறார்கள்,
வேறொரு படிவத்தில்,
ஆட்களின் பெயருக்கு நேரே.
எங்கள் வருகைப்பதிவேட்டில்
தந்தை பெயர்க் கட்டத்தில் இன்னும் சில இருக்கின்றன.
சார்ஜ் தீர்ந்துவிட்டது சார் என்றேன்.
எழுபத்தொரு சதவீதம் இருந்தது.

அடுத்த புதன்
தேங்காப்பட்டணத்தில் போட்டு அடைந்தது.
வியாழன் காலை என் மேசையில் அரிசிப் பை,
அதற்குள் இன்னொரு பை, அதற்குள் ஒட்டகம்.
டீசலும் உப்பும் மணத்தது.
கோடுகள் வெளுத்திருந்தன, கீச்சென்ற சத்தம் வரவில்லை.
எண்ணைக் கையால் தட்டினேன்.

பக்க ஓரங்களில் பென்சிலால் தசமங்கள்.
8.52, 74.11.
9.07, 71.36.
"நூலகப் பகுப்பெண்ணை உள்ளே எழுதினது யாரு?"
"அது ஜி.பி.எஸ். டீச்சர்.
எந்தப் பக்கத்த எங்க வச்சு வாசிச்சாவன்னு."

அன்றைக்கு நூலகப் பாடவேளை லேபில் நடந்தது.
ஒருத்தி எண் வாசிக்க, ஒருவன் தட்ட,
ப்ரொஜெக்டரில் நீலம் மட்டும் வந்தது,
நீலத்தில் ஒரு சிவப்புக் குத்து.
யு.பி.எஸ். அலறிக்கொண்டே இருந்தது.
பக்கம் முப்பத்தொன்று, ஒட்டகம் தண்ணீர் குடிக்கிறது:
10.15, 69.40.
அங்கே வைத்துத்தான்
போட்டில் தண்ணீருக்கு அளவு வைத்தார்களாம்.
பதினோரு பேரும் அந்தப் படத்தை
ரொம்ப நேரம் பார்த்தார்களாம்.

திரும்பியது என்ற வட்டத்தைத் தொட்டேன்.
சேதமும்தான், ஆனால் ஒன்றைத்தான் தொடலாம்.

அஜினா போகாமல் நின்றாள்.
"சோறு பொங்குற கிளீட்டஸ் மாமாவுக்கு
வேற ஒண்ணு வேணுமாம்.
ஒட்டகம் வேண்டாமாம், மழ பெய்யுற எடம்."

கிளீட்டஸுக்கு உறுப்பினர் எண் இல்லை.
என் எண்ணில் எடுத்தேன்.
ஆசிரியருக்கு இரண்டு புத்தகம், தொண்ணூறு நாள்.
பயன்படுத்தும் இடம் என்று கேட்டது:
வகுப்பறையா, வீடா.
அஜினாவைப் பார்த்தேன்.
அவள் புத்தகத்தை இரண்டு பைக்குள் போட்டு
முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.